எண்ணெய் காத்த கைகள்

உருளும் அச்சுக்கு எண்ணெய் வேண்டும் என்பதை மனிதன் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்துகொண்டான். ஆனால், ஊற்றிய எண்ணெயை ஒழுகாமல் காக்க வேண்டும் என்னும் அறிவு அண்மைக் காலத்தில்தான் பிறந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் இந்த அறிவைக் கைவரப்பெற்ற கதை, இரயிலையும் ரப்பரையும் பற்றிய வரலாறுகளில் போதிய இடம் பெறவில்லை. பால்மரம் சீவிய கைகளை எழுதியோர் பலர். இயந்திரத்தைத் திறந்து மூடிய கைகளை எழுதியோர் மிகச் சிலர்.

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. அதன்பின், மரமும் அத்தாப்பும் கொண்ட கட்டடங்களுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்டுமாறு அரசு பணித்தது. அதற்கான செங்கற் சூளைகள் பெருகிய இடமே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. அந்நாளில் பாரம் சுமந்த வாகனம் மாட்டு வண்டி. வண்டியோட்டி அச்சில் தடவியது வண்டி மை. அந்த மை குடத்தின் ஓரத்தில் பிதுங்கிக் கரும்படலமாகத் தெரிந்தால், வண்டி நன்கு பேணப்படுகிறது என்றே பொருள். யாரும் அதனைக் குறையாகக் கருதவில்லை.

நீராவி யுகத்திலும் இந்த நிலை பெரிதும் மாறவில்லை. கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றோரத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886 செப்டம்பரில் இரயில் ஓடத் தொடங்கிற்று. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேயின் பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் அமைந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் மத்தியப் பட்டறை எழுந்தது. இலங்கைத் தமிழர் எழுத்தராகவும் நிலையப் பணியாளராகவும் விளங்க, தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தனர். நீராவி இயந்திரத்தின் பல உறுப்புகள் திறந்தவெளியில் இயங்கின. நீள்மூக்கு எண்ணெய்க் குவளையால் ஊற்றிய எண்ணெய் உறுப்பை நனைத்தபின் தண்டவாளத்தில் சொட்டி மறைந்தது. இயந்திரம் சொட்டுவது இயல்பு. சொட்டாமல் நின்றால்தான் தொழிலாளிக்கு அச்சம் பிறந்தது.

இந்த எண்ணத்தை மாற்றிய புதுமை இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோன்றியது. அங்குப் பெல்லிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பெயின் என்பார், மூடிய உறைக்குள் எண்ணெயைப் பம்பினால் அழுத்தி, உறுப்புகளுக்குச் செலுத்தி, மீண்டும் அடித்தொட்டியில் சேர்க்கும் முறைக்கு 1890இல் காப்புரிமை பெற்றார். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பின்னாளில் டீசல் இயந்திரங்கள் வேகம் பெற்றபோது, மூடிய உறையும் சுற்றிவரும் எண்ணெயும் அவற்றின் உயிர்நாடியாயின. குறிப்பிட்ட அளவு எண்ணெயே உள்ளே உண்டு. அது குறைந்தால் தாங்கிகள் வெந்து கிராங்க் தண்டு இறுகிவிடும். வண்டி மையின் காலத்தில் நலத்தின் அடையாளமாக இருந்த கசிவு, டீசல் காலத்தில் நோயின் அடையாளம் ஆயிற்று.

அம்மாற்றம் மலாயாவின் இரயில் பாதையில் 1957இல் வெளிப்படையாகத் தெரிந்தது. இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 20ஆம் வகுப்பு டீசல் இயந்திரங்கள் அவ்வாண்டில் நெடுந்தொலைவு வண்டிகளை இழுக்க வந்து சேர்ந்தன. எண்ணெய்க் குவளையும் கரி மண்வெட்டியும் பிடித்துப் பழகியவர்கள், அழுத்தமானியையும் வடிகட்டியையும் கண்காணிக்கக் கற்க வேண்டியதாயிற்று.

தோட்டங்களில் இதே பாடத்தை டிராக்டர் கற்பித்தது. ரப்பர் மரங்களை அகற்றிச் செம்பனை நடும் போக்கு 1960களில் விரைவு பெற்றது. செம்பனைக் குலைகள் கனமானவை. பறித்தவற்றை நாள் கடத்தாமல் ஆலையில் சேர்க்க வேண்டும். கிள்ளான், கோலா லங்காட், கோலா சிலாங்கூர் வட்டாரங்களில் அவற்றைச் சுமந்த டிராக்டர்களுள் மேசி பெர்குசன் நன்கு அறிமுகமானது. 1964 இறுதியில் வெளிவந்த அதன் 135 வகையில், இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் உருவான பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லிட்டர். அதே குடும்ப டிராக்டர்களைத் தமிழகத்திலும் செய்வதற்கு 1960இல் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது.

சுழலும் தண்டு உறையை விட்டு வெளிவரும் இடமே எண்ணெய் தப்புவதற்கு எளிய வாயில். தொடக்கத்தில் தோலும் கம்பளித் திண்டும் கயிறும் கொண்டு அவ்வாயிலை அடைத்தனர். ஜெர்மனியின் பிராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் 1929இல் உருவாக்கிய வளையத்தில் முதலில் இருந்ததும் தோலே. ரப்பர் விளையும் நாட்டினர் இங்கு ஒரு கேள்வி கேட்கலாம்: வளைந்து கொடுக்கும் ரப்பர் இருக்கத் தோலை நாடியது ஏன்? இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் உப்பி, மென்மையாகி, வலுவிழந்துவிடும். ஜெர்மானிய வேதியியலார் 1930களில் உருவாக்கிய நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரே எண்ணெயைத் தாங்கியது. ஆகவே, தோட்டத் தொழிலாளி விடியலில் சீவியெடுத்த பாலால் அதே தோட்டத்து டிராக்டரின் கசிவை அடைக்க இயலவில்லை. மலேசிய ரப்பர் ஆய்வு நிறுவனங்கள் 1980களில் வளர்த்தெடுத்த எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர்தான் இக்குறையை ஓரளவு போக்கிற்று.

கருவி மாறினாலும் கசிவைக் கண்டறியும் கலை மாறவில்லை. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தை நாட வேண்டும் என்ற வள்ளுவரின் முறையே இங்கும் பொருந்தும். எண்ணெய் சொட்டும் இடம் வேறு. அது பிறக்கும் இடம் வேறு. பழைய டிராக்டரின் விசிறி காற்றைப் பின்னோக்கித் தள்ளுவதால், முன்புறத்தில் பிறந்த கசிவு பின்புறத்தில் வந்து நிற்பதுண்டு. எனவே முதலில் இயந்திரம் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். பின், ஐயமுள்ள இடங்களில் சுண்ணத்தூள் தூவி, இயந்திரம் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்தியபின் மேலிருந்து கீழாக நோக்க வேண்டும். தூள் முதலில் கறுக்கும் இடமே கசிவின் ஊற்று.

மேல்மூடியின் தக்கை, எரிபொருளை ஏற்றும் பம்பு பொருந்தும் முகம், எண்ணெய் வடிகட்டி, முன்பக்கக் கப்பியின் பின்னுள்ள ஆயில் சீல், அடித்தொட்டி என்னும் வரிசையில் கண் இறங்க வேண்டும். கிளட்ச் உறையின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதன் வழியே சொட்டுவதை வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்க வேண்டும். கரியேறிக் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் இயந்திர எண்ணெய். கிராங்கின் பின்புற அடைப்பைச் சோதிக்க வேண்டும். பொன்னிறமாக இருந்தால் அது கியர்ப் பெட்டியின் எண்ணெய். குறை வேறிடத்தில் உள்ளது. இந்த வேறுபாட்டை அறியாதவர், டிராக்டரை இரண்டாகப் பிரித்து இயந்திரத்தைக் கழற்றியபின்பே தம் உழைப்பு வீணானதை உணர்வர்.

அடைப்பை மாற்றுமுன் மூச்சுக் குழாயைப் பார்ப்பது முதன்மையானது. அது அடைபட்டாலோ, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எரிவாயு கீழிறங்கினாலோ, உறைக்குள் அழுத்தம் மிகுந்து எண்ணெயை எல்லாச் சந்துகளிலும் வெளியே தள்ளும். அந்நிலையில் புதிய சீல் போட்டாலும் அது மீண்டும் கசியும். எண்ணெய் அளவு குறையாமல் கூடினால் மகிழலாகாது. பம்பின் சவ்வு கிழிந்து டீசல் அடித்தொட்டியில் கலந்திருக்கக் கூடும். நீர்த்த எண்ணெய் தாங்கிகளைக் காக்காது.

பழைய பெர்கின்ஸ் இயந்திரத்தின் பின்புற அடைப்பு, இரண்டு அரைவட்ட உறைகளில் பதித்த கயிறு ஆகும். கயிற்றின் இரு முனைகளையும் முதலில் பதித்து, நடுப்பகுதியை உருண்டைக் கம்பியால் உருட்டி அழுத்துவர். முனைகள் உறையின் முகத்துக்கு மேல் அரை மில்லிமீட்டருக்கு மிகாமல் நீட்டி நிற்க வேண்டும். இரு பாதிகளும் இறுகும்போது அந்நீட்சியே சந்தை அடைக்கும். பழைய கயிறுகளில் கல்நார் கலந்திருக்கலாம் ஆதலால், அவற்றின் தூசியை ஊதுதலும் சுரண்டுதலும் கூடா. தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய அடைப்பு நெடுநாள் நில்லாது. மூடியின் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்குவதும், ஒட்டுப்பசையை அள்ளிப் பூசுவதும் அறியாமை. முன்னது தகட்டை வளைக்கும், பின்னது உள்ளே உதிர்ந்து எண்ணெய்ச் சல்லடையை அடைக்கும்.

இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால், கிளட்ச் தட்டில் எண்ணெய் படிந்தால் அது வழுக்கும். குலைகள் நிறைந்த வண்டியுடன் மேடேறும் டிராக்டர் இழுவிசை இழந்து பின்னோக்கி நகரும். அப்போது ஓட்டுநரின் உயிருக்கும் பின்னால் வருவோர் உயிருக்கும் உறுதி இல்லை. கசிவைக் கண்ட கண், பொருளை மட்டுமன்றி மனிதரையும் காத்தது.

பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில் வளாகம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது. ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகள் இன்று இல்லை. செந்தூல் பட்டறைக் கட்டடம் ஒன்று 2005 முதல் நிகழ்கலை அரங்கமாக விளங்குகிறது. கட்டடங்களின் நினைவைப் படங்கள் காக்கும். சுண்ணத்தூளைத் தூவிய விரலின் அறிவையும், சொட்டின் நிறங்கண்டு நோய் கூறிய பார்வையையும் எந்தப் படமும் காக்காது. அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல் தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த தொழிலாளியிடமிருந்து இளையவனுக்கும் வாய்மொழியாகவே வந்தது. அதனை உடையோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். தமிழ்ப்பள்ளி மாணவர் அவர்களை அணுகி, அவர்கள் வழங்கிய சொற்களோடும் செய்முறைகளோடும் எழுதி வைப்பாராயின், இச்சமுதாயத்தின் தொழில் வரலாற்றில் விடுபட்ட பக்கங்கள் நிறைவு பெறும்.