மானிப்பாய்த் தமிழ் மருத்துவமும் நரம்பின் மின்னும்

நரம்பு வழியே செல்லும் செய்தி மின்னியல்புடையது என்னும் உண்மை ஐரோப்பாவில் நெடுங்கால ஆராய்ச்சியின் பயனாக வெளிப்பட்டது. 1791 இல் இத்தாலியரான கல்வானி, மின்தூண்டலால் தவளைக் காலின் தசை சுருங்குவதை விளக்கி எழுதினார். 1850 இல் ஜேர்மானியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ், தவளை நரம்பில் அச்செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் வேகத்திலேயே செல்கின்றது எனக் கண்டார். கம்பியில் மின்செய்தி செல்லும் வேகத்தோடு ஒப்பிடின் இது மிக மந்தமானது. நரம்பு வெறுங் கம்பியன்று என்பதற்கு இஃது ஒரு சான்றாயிற்று.

இதற்கு இரண்டாண்டுகளின் பின், 1852 இல், யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய உடலியல் தமிழில் அச்சேறியது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கட்டர் என்பாரின் நூலை ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ எனத் தமிழில் வெளியிட்டார். மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவக் கல்வி 1864 முதல் தமிழிலேயே நிகழ்ந்தது. கலைச்சொல்லை முதலில் தமிழிலும், அங்கு இல்லையெனின் வடமொழியிலும், ஈற்றில் ஆங்கிலத்திலும் தேடுவதே அவர் கைக்கொண்ட நெறி. உடலமைப்பியல் ‘அங்காதிபாதம்’ எனவும், உடற்றொழிலியல் ‘சுகரணம்’ எனவும், இரசாயனவியல் ‘கெமிஸ்தம்’ எனவும் பெயர் பெற்றன. 1873 இல் அவர் தாயகம் திரும்பிய பின்னரும் பணி ஓயவில்லை. டால்ற்றனின் உடற்றொழில் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்னும் பெயரில் 1883 இல் வெளிவந்தது.

ஆயினும் இம்மரபு நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திற் கற்பித்தது. அறிவியலோ விரைந்து வளர்ந்தது. நரம்பு மென்சவ்வினூடாகச் சோடியம், பொற்றாசியம் அயன்கள் பெயர்வதே செய்தியின் அடிப்படை என்பதை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952 இல் நிறுவினர். 1985 இல் பாக்கரும் அவர்தம் குழுவினரும் ஷெபீல்ட் நகரில், தலைக்கு வெளியே வைத்த சுருளினால் மூளையைத் தூண்டிக் காட்டினர். விரைந்து மாறும் வலிய காந்தப்புலம் இழையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அவ்வோட்டமே நரம்பைக் கிளர்த்துகிறது. வீட்டு மின்கம்பிகளைச் சூழ்ந்த புலங்கள் அத்தகைய வலிமை உடையனவல்ல.

இவ்வேறுபாட்டை அறியாதார் மின்கம்பியைக் கண்டு வீணே அஞ்சுவர். அன்றேல் காந்தக் காப்பு விற்போரை நம்புவர். இன்று உயர்தரம் வரை நரம்புக் கணத்தாக்கத்தைத் தமிழிற் கற்கும் மாணவன், மருத்துவ பீடத்தில் அதனை ஆங்கிலத்திற் கற்கிறான். கற்றதை நோயாளிக்கு உரைக்கும்போது மீண்டும் தமிழையே நாடவேண்டியவனாகிறான். அந்நிலையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்டதே மானிப்பாயின் பெருமை. அப்பணியைத் தொடர்வது தமிழ் கற்றோர் அனைவர்க்கும் உரிய கடனாகும்.