மாறும் முகமும் மாறாத அனுமதியும்
ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

வெகுசன இரசனைக்கெனத் தொழில்முறையில் ஆக்கப்படும் திரைப்படங்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளத் தயங்கும் போக்கு நம்மிடையே இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. முற்போக்காளரிடையேகூட, இத்தகைய படங்கள் மக்களை மயக்கும் போதைப்பொருளே என ஒரு வரியிற் சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கமுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அப்போதைப்பொருள் காலத்துக்குக் காலம் தன் நிறத்தையும் சுவையையும் ஏன் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்ற வினாவுக்கு அது விடை தருவதில்லை. 1962 முதல் 2021 வரை ஈயோன் நிறுவனம் தயாரித்த 25 ஜேம்ஸ் பொண்ட் படங்களில் ஆறு நடிகர்கள் அப்பாத்திரத்தை ஏற்றுள்ளனர். நடிகரின் வயது, ஒப்பந்தப் பிணக்கு முதலியன இம்மாற்றங்களுக்கு உடனடிக் காரணங்களாக அமைந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முகமாற்றத்தின்போதும் எது விட்டுக்கொடுக்கப்பட்டது, எது விடாமற் பேணப்பட்டது என்பதே சமூக வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது.

(1)

பொண்டைப் படைத்த இயன் பிளெமிங் வங்கியாளர் குடும்பமொன்றின் வழித்தோன்றல்; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படை உளவுப் பிரிவிற் பணியாற்றியவர். முதல் நாவலான 'கசினோ ரோயல்' 1953 இல் வெளிவந்தது. இந்தியா கைவிட்டுப்போய் ஆறாண்டுகள் கழிந்திருந்த காலம் அது. நாவல்கள் எழுதப்பட்ட இடமும் மனங்கொள்ளத்தக்கது: அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த யமெய்க்காவில் ஆசிரியர் அமைத்துக்கொண்ட 'கோல்டன்ஐ' என்னும் இல்லம். 1956 இல் எகிப்து சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை அடுத்துப் பிரித்தானியா மேற்கொண்ட படையெடுப்பு, அமெரிக்காவின் நிதி நெருக்குதலால் இடைநடுவிற் கைவிடப்பட்டது. நலங்குன்றிய பிரதமர் அந்தோனி ஈடன் ஓய்வுக்காகச் சென்று தங்கியது இதே இல்லத்திலேயாம். சாம்ராச்சியத்தின் தோல்வியும் அதன் கனவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன எனலாம். மெய்யுலகிலே பிரித்தானியா அமெரிக்காவின் இளைய பங்காளியாகிவிட்டது. நாவல்களிலோ அமெரிக்க உளவாளி பிலிக்ஸ் லைற்றர் பொண்டுக்குத் துணைவனாகவே வருகிறான். வரலாற்றில் இழந்ததைக் கற்பனையில் மீட்கும் கருத்துநிலைச் செயற்பாட்டுக்கு இது தக்க உதாரணமாகும்.

முதற்படமான 'டொக்டர் நோ' 1962 ஒக்ரோபரில் வெளிவந்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், ஓகஸ்ற் 6 ஆம் திகதி, கதை நிகழும் யமெய்க்கா சுதந்திர நாடாகிவிட்டது. திரையிலோ பிரித்தானிய அதிகாரிகளே இன்னும் அத்தீவை ஆளுகின்றனர். பொண்டுக்கு உதவும் குவாரல் என்ற கறுப்பினத்தவன் அவனது காலணியை எடுத்துவருமாறு ஏவப்படுகிறான். பின்னர் அவனுக்காக உயிரையும் இழக்கிறான்.

எனினும், இந்தச் சாம்ராச்சிய நாயகனாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஷோன் கொனரி, எடின்பரோவின் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்து, இளமையில் வீடுவீடாகப் பால் விநியோகித்தவர். தொடக்கத்தில் பிளெமிங்குக்கு இத்தெரிவு உவப்பாக இருக்கவில்லை. நெறியாளர் ரெறன்ஸ் யங் தமது சொந்தத் தையற்காரரிடம் கொனரியை அழைத்துச் சென்று கனவானுக்குரிய உடையையும் நடையையும் பழக்கினார். பிரபுத்துவத் தோரணை மட்டும் கொண்ட ஒருவனைப் போருக்குப் பிந்திய பிரித்தானியத் தொழிலாளரோ அமெரிக்கப் பார்வையாளரோ ஏற்றிருப்பர் எனக் கூறவியலாது. எனவே தொழிலாளியின் உடலுக்குக் கனவானின் ஆடை அணிவிக்கப்பட்டது. படத்தின் வெற்றிக்குப் பின் பிளெமிங்கே 1964 இல் வெளிவந்த நாவலில் பொண்டுக்கு ஸ்கொத்லாந்துத் தந்தை ஒருவரைக் கற்பித்தார். எதிரியும் மாற்றப்பட்டான்: நாவல்களிற் சோவியத் அமைப்பாக வரும் 'ஸ்மேர்ஷ்' நீக்கப்பட்டு, நாடற்ற குற்றக் கும்பலான 'ஸ்பெக்ரர்' படங்களில் முன்வைக்கப்பட்டது. உலகச் சந்தையை நாடும் பண்டம், அரசியற் பகையை வெளிப்படையாக உரைப்பது இலாபகரமன்று என்பதை விரைவிலேயே கற்றுக்கொண்டது.

(2)

1969 இல் ஒரு படத்தில் மட்டும் தோன்றிய ஜோர்ஜ் லேசன்பிக்குப் பின்னர், கொனரி மீண்டும் ஒருமுறை வந்து போனார். 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் நடித்தவர் ரொஜர் மூர். இவர் காலத்துப் பொண்ட் தன்னைத் தானே கேலி செய்பவன். எண்ணெய் நெருக்கடியும் வேலைநிறுத்தங்களும் பிரித்தானிய முதலாளித்துவத்தை உலுக்கிய ஆண்டுகளிற் சாம்ராச்சிய நாயகனை முகத்தில் முறுவலின்றி முன்னிறுத்த இயலவில்லை. அமெரிக்க-சோவியத் பதற்றத் தணிவு நிலவிய 1977 இல் அவன் சோவியத் பெண் உளவாளியுடன் இணைந்தே செயற்படுகிறான்.

ஆனால் நகைச்சுவை மனப்பாங்கை மாற்றிவிடவில்லை. 1983 இல் வெளியான 'ஒக்ரோபுசி'யில் இந்தியா பாம்பாட்டி, ஆணிப்படுக்கை, தீக்கங்கு ஆகியவற்றின் நாடாகவே காட்டப்படுகிறது. சென்னையைச் சேர்ந்த, உலகறிந்த ரெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதிற் பொண்டின் உதவியாளராக வந்து கொல்லப்படுகிறார். குவாரலுக்கு நேர்ந்ததே இருபத்தோராண்டுகளின் பின் இவருக்கும் நேர்ந்தது. மூன்றாம் உலகத்தவனுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட இடம் இதுதான்.

திமொத்தி டால்டனின் முதற்படம் 1987 இல் வந்தது. அதில் ஆப்கானிஸ்தானின் முஜாஹிதீன்கள் பொண்டின் நேச அணியினர். அவர்தம் தலைவன் ஒக்ஸ்போர்ட்டிற் கற்றவன். ஏகாதிபத்தியம் தன் தேவைக்கேற்ப வரித்துக்கொண்ட இந்நட்பு 2001 இன் பின் நினைவுகூரத் தகாததாயிற்று.

(3)

1991 இற் சோவியத் ஒன்றியம் கலைந்தது. உரிமை வழக்குகளால் ஆறாண்டுகள் தடைப்பட்டிருந்த தொடர், 1995 இற் பியர்ஸ் புரொஸ்னனுடன் மீண்டது. 'கோல்டன்ஐ' என்றே பெயர் பெற்ற அப்படத்தின் தொடக்கத்திற் பெண்கள் சம்மட்டிகளாற் சோவியத் சிலைகளைத் தகர்க்கின்றனர். அதே படத்தில் உளவுத் துறைத் தலைவியாக வரும் ஜூடி டென்ச், பொண்டைப் பெண்களை இழிவாக நோக்கும், பனிப்போர் விட்டுச்சென்ற பழம்பொருள் என நேரிற் கடிந்துரைக்கிறார். பிரித்தானிய உள்நாட்டு உளவுத் துறைக்கு 1992 இற் பெண்ணொருவர் தலைவரானமை இதற்குப் பின்னணி. பெண்கள் இயக்கத்தின் கண்டனம் படத்தின் உள்ளேயே இடம்பெற்றது. ஆனால் கண்டித்தவரே அவனைப் பணிக்கு அனுப்பியும் வைக்கிறார். பிரெஞ்சு விமரிசகர் ரோலண்ட் பார்த் இத்தகைய உத்தியைத் தடுப்பூசிக்கு ஒப்பிட்டார்: சிறு தீமையை ஒப்புக்கொள்வதன் மூலம் பெருந்தீமை காக்கப்படுகிறது.

டானியல் கிரெய்க் 2006 முதல் ஐந்து படங்களில் நடித்தார். ஈராக் போரின் பின் வந்த இப்பொண்ட் காயப்படுகிறான், தவறிழைக்கிறான், அழுகிறான். 2008 இன் படத்தில் பொலிவியாவின் நீர்வளத்தைக் கைப்பற்ற முனையும் வணிகனுக்கு அமெரிக்க உளவுத் துறை துணைபோகிறது. 2000 இல் அந்நாட்டின் கொச்சபம்பா நகர மக்கள் நீர் தனியார்மயமாவதற்கு எதிராக நடத்திய போராட்டம் இங்கு நினைவுக்கு வரும். ஆயினும் திரையில் அம்மக்களின் போராட்டம் இல்லை. அவர்களுக்காகவும் அவனே போரிடுகிறான்.

2021 இன் இறுதிப் படத்தில் 007 என்னும் எண் லஷானா லிஞ்ச் நடித்த கறுப்பினப் பெண் உளவாளிக்குரியதாகிறது. பின்னர் அவளே அதனைப் பொண்டுக்குத் திரும்ப வழங்குமாறு வேண்டுகிறாள். அவன் இறக்கிறான், அவன் மீண்டும் வருவான் என்ற அறிவிப்புடன் படம் முடிகிறது.

(4)

அடுத்த பொண்ட் கறுப்பினத்தவராகவோ பெண்ணாகவோ இருக்கலாகாதா என்ற வினா இப்பின்னணியிலேயே எழுகிறது. இக்கோரிக்கையை எள்ளி ஒதுக்குதல் முற்போக்காளருக்கு அழகன்று. இதுவரை நாம் கண்ட விட்டுக்கொடுப்புகளுள் எதுவும் தயாரிப்பாளரின் தாராள மனத்தினால் வந்ததன்று. குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போராட்டங்களும் பெண்கள் இயக்கமும் இனவெறி எதிர்ப்பும் பார்வையாளரின் மனத்தை மாற்றியமையால், பண்டமும் மாறவேண்டியதாயிற்று. அவ்வகையில் இப்படங்கள் மக்கள் ஈட்டிய வெற்றிகளின் மறைமுகப் பதிவேடுகளுமாகும்.

ஆனால் பதிவேட்டின் மறுபக்கத்தையும் வாசித்தல் வேண்டும். நடிகரின் வர்க்கப் பின்னணி, பேச்சு, பெண்களை நடத்தும் முறை, எதிரியின் பெயர் யாவும் மாறின. பிறர் நாட்டினுள் நுழைந்து, எவருக்கும் விடைசொல்லாது கொல்லும் அனுமதி மாறவில்லை. அதனை வழங்கும் அரசின் நியாயமும் இறுதியில் ஐயத்துக்கிடமாவதில்லை. இவ்வனுமதி பறிக்கப்படும் 1989 ஆம் ஆண்டுப் படத்திற்கூட அவன் அதன்றியே கொல்கிறான். முடிவில் மீளவும் சேர்த்துக்கொள்ளப்படுகிறான்.

2022 இல் அமேசன் நிறுவனம் எம்.ஜி.எம். நிறுவனத்தை ஏறத்தாழ 850 கோடி டொலருக்கு வாங்கியது; 2025 பெப்ரவரியிற் பொண்ட் படங்களின் படைப்புக் கட்டுப்பாடும் அதன் கைக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. சாம்ராச்சியத்தின் கனவு பல்தேசிய நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. எனவே அந்த அனுமதியை அடுத்து எவர் கையிற் கொடுப்பது என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. அதை வழங்குபவர் யார், அது எவர்மீது பிரயோகிக்கப்படுகிறது என்பவற்றையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். குவாரல்களின் பக்கம் நின்று இக்கதை சொல்லப்படும் நாளிலேயே மாற்றம் முகத்தளவைக் கடந்ததாக நாம் கொள்ளலாம்.