சனிக்கிழமைத் தீபாவளி

ஒக்ரோபர் பிறந்து மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியதும் மொன்றியல் தமிழரிடையே ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழும். வாணிவிழாவையும் தீபாவளியையும் பஞ்சாங்கம் சொல்லும் நாளிற் கொண்டாடுவதா, அடுத்து வரும் சனிக்கிழமையிலா? கோயிற் பூசைகள் உரிய நாளிலேயே நடந்துவிடுகின்றன. மண்டபத்து விழாவும் வீட்டு விருந்தும்தான் சனிக்கு நகர்கின்றன. 'வசதிக்காகப் பண்பாட்டை விற்கிறோம்' என்று பெரியவர்கள் சிலர் வருந்துகிறார்கள். (தீபாவளி தமிழர் பண்டிகைதானா என்ற மற்ற வழக்கை நான் இங்கு எடுக்கவில்லை. அதற்குப் போதிய மை செலவாகிவிட்டது.)

ஒருகாலத்தில் வரலாறு படிப்பித்தவன், இப்போது தொழிற்சாலையொன்றில் மணித்தியாலக் கூலிக்குப் பெட்டி அடுக்குபவன் என்ற இரு வகையிலும் எனக்கு இதிற் சொல்ல ஏதோ உண்டு. நாளை நகர்த்துவது வேலை. அதுவும் இந்நகரத்தில் எம்மிடமிருந்து தொடங்கிய கதையல்ல.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த குடியானவனுக்கு இலையுதிர்காலம் கணக்குத் தீர்க்கும் காலம். 1663 முதல் மொன்றியல் தீவின் நிலப்பிரபுக்கள் சுல்பிசியன் குருமார். நிலப்பிரபுவுக்குரிய ஆண்டு வாரத்தைச் செலுத்தும் நாள் பெரும்பாலும் நவம்பர் 11, அதாவது புனித மார்ட்டின் திருநாள். காசாகவும் தானியமாகவும் காயடித்த சேவலாகவும் அது போய்ச் சேர்ந்தது. இறந்தோருக்கும் ஒரு கணக்கு இருந்தது. நவம்பரில் திருப்பலி முடிந்ததும் தேவாலய வாசலில் பூசணி, கோழி, பன்றித்தலை என்று கொண்டுவந்ததையெல்லாம் ஏலம் கூறுவார்கள். அந்தப் பணம் ஆன்மாக்களுக்கான திருப்பலிக்கு. கோயில் வீதியில் மாம்பழம் ஏலம் போவதைப் பார்த்து வளர்ந்த எமக்கு இது அந்நியமாய் இராது.

ஞாயிறு தவிர, உழைக்கக்கூடாத புனிதர் திருநாட்கள் அன்று ஏராளம். கோடை குறுகிய நாட்டில் விதைப்பும் அறுப்பும் இதனாற் கெடுகின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. 1744 இல் ஆயர் பொன்பிரியான் வாரநாட்களில் வந்த பல திருநாட்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். ஆயர் செய்தால் அது சீர்திருத்தம். பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு தாய் தீபாவளிப் பலகாரத்தைச் சனிக்கிழமை சுட்டாற் பண்பாட்டுத் துரோகம்!

அரசுகளும் இதையே செய்தன. ஒக்ரோபரில் எமக்குச் சம்பளத்தோடு லீவு தரும் நன்றி நவிலும் நாள் 1879 முதல் ஆண்டுதோறும் வருகிறது. ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1921 முதல் 1930 வரை அதை யுத்த நிறுத்த நாளோடு சேர்த்து நவம்பர்த் திங்கட்கிழமையொன்றில் வைத்தார்கள். 1931 இல் இறந்த போர்வீரருக்கு நவம்பர் 11 திரும்பவும் தனியே கிடைத்தது. 1957 இற்தான் நன்றி நாள் ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் நிலைத்தது. பக்கத்து மெஷினில் நிற்கும் கியூபெக்காரரிடம் யாருக்கு நன்றி என்று கேட்டேன். 'அது இங்கிலிஷ்காரரின் பண்டிகை, எனக்கு லீவு போதும்' என்றார். 2019 இல் புயல்மழை வருகிறதென்று மொன்றியல் நகரசபை ஹலோவீனையே ஒருநாள் தள்ளிவைக்கச் சொன்னது. பேய்களும் அடுத்த நாள்தான் வந்தன.

எங்கள் நாட்டு உதாரணத்தை எம்மவர் மறந்துவிட்டார்கள். 1966 இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா தினங்களை வாராந்த விடுமுறையாக்கியது. ஞாயிறு வேலைநாளாயிற்று. கிறிஸ்தவ அயலவர்கள் விடியப்புறத் திருப்பலிக்குப் போய்விட்டு அப்படியே கந்தோருக்கு ஓடியதை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். உலகம் ஞாயிறில் ஓய்ந்து திங்களில் வணிகம் செய்தபோது இலங்கை தனி வாரமொன்றில் நின்றது. 1971 இல் ஞாயிறு திரும்பி வந்தது. நாட்காட்டி யார் கையில் இருக்கிறதோ ஓய்வும் அவர் கையில் என்பதை அந்த ஐந்தாண்டு காட்டியது.

'உரிய நாள்' என்பதும் அவ்வளவு நேரானதல்ல. யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்து மணிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது இங்கே முதல்நாள் பின்னேரம் ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறில் மணிக்கூட்டைப் பின்தள்ளியபின் ஆறரை. வாக்கியமா திருக்கணிதமா என்ற ஊர்ச்சண்டை வேறு. ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை, வயலில் இளம்பயிர்; அறுவடை தையிற்தான். இங்கே ஐப்பசியில் வயல் வெறுமையாகிவிட்டது. தொழிற்சாலையில் நத்தார் ஓடர்களுக்கான ஓவர்ரைம் தொடங்குகிறது. விஜயதசமியன்று ஏடுதொடக்கக் கூப்பிட்ட வீட்டுக்கு நான் காலை ஷிப்ற்றுக்கு முன், ஐந்து மணிக்குப் போனேன். பிள்ளை அரைத்தூக்கத்தில் அரிசியில் அகரம் எழுதியது.

எமது இலையுதிர்காலத்தில் யாரும் நகர்த்தாத நாள் ஒன்று உண்டு. 1989 முதல் நவம்பர் 27. அதன் அரசியலோடு எனக்கிருக்கும் பிணக்கு வேறு. ஆனால் அது செவ்வாயில் வந்தாலும் வியாழனில் வந்தாலும் கூலியை இழந்து போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 'மனம் இருந்தால் தீபாவளிக்கும் நிற்கலாம்தானே' என்று நண்பரொருவர் வாதிட்டார். ஒரு நாளுக்கு நிற்கலாம். நவராத்திரி, தீபாவளி, கந்தசட்டி, விளக்கீடு எல்லாவற்றுக்கும் நின்றால் அடுத்த கிழமை ஏஜென்சி அழைக்காது.

இங்கேதான் ஷாம்ப்லி வழக்கு முக்கியமாகிறது. மொன்றியலுக்கு அருகே ஷாம்ப்லி பாடசாலைச் சபையில் யூத ஆசிரியர் மூவர் 1985 இல் யோம் கிப்பூருக்கு லீவு எடுத்தார்கள். சபை லீவைத் தந்தது, அன்றைய சம்பளத்தைத் தரவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 1994 இல் ஆசிரியர்கள் வென்றார்கள். நத்தாரும் ஞாயிறும் கிறிஸ்தவருக்குத் தாமாகவே ஓய்வாகின்றன. மற்றவர் மட்டும் தம் புனித நாளுக்குக் கூலியை இழக்க நேர்வது பாரபட்சம் என்பதே வாதத்தின் சாரம். தகுந்த காரணத்துக்குச் சம்பளத்தோடு லீவு எடுக்க அவர்களது கூட்டு ஒப்பந்தத்தில் இடமிருந்தது. முறைப்பாட்டை எடுத்துச் சென்றது அவர்களது தொழிற்சங்கம்.

எங்கள் தொழிற்சாலையிற் சங்கம் இல்லை. பாதிப்பேர் ஏஜென்சி ஆட்கள். வாணிவிழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில் திதியைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். ஷாம்ப்லித் தீர்ப்பைப் பற்றி நான் தொடங்கியபோது மண்டபத்துக் காவலாளி விளக்கை அணைக்க வந்துவிட்டார். அவரும் தமிழர், இரவு ஷிப்ற்.