காது கேட்பதும் கண் கேட்பதும்

ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பாட்டு ஒரு துணை. நல்ல மியூசிக் சிஸ்டம் வாங்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு லட்சம், ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் ஐம்பதாயிரம் என்று பேச்சு போகும்போது, பேங்க்கில் கணக்குப் பார்த்தே காலம் தள்ளும் எனக்கு ஒரு கேள்வி வரும். வித்தியாசம் காதில் இருக்கிறதா, பில்லில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு வயது நூறு. 1915-லிருந்து பத்து வருடம் போல அமெரிக்காவில் எடிசன் கம்பெனி ஊர் ஊராக 'டோன் டெஸ்ட்' நடத்தியது. மேடையில் பாடகியும் பக்கத்தில் மிஷினும். விளக்கை அணைத்ததும், பாடுவது மனுஷியா மிஷினா என்று தெரியவில்லை என ஜனங்கள் அசந்துபோனார்கள். இன்று அந்த ரெக்கார்டைக் கேட்டால் ஒரு குழந்தைகூட ஏமாறாது. காது எதை எதிர்பார்த்து உட்காருகிறதோ அதைக் கேட்டுவிடும்.

அடுத்த காட்சி 1962. ஜே. கோர்டன் ஹோல்ட் என்பவர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகையைத் தொடங்கினார். மீட்டர் என்ன சொல்கிறது என்பதைவிட காது என்ன சொல்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். ஆனால் காலப்போக்கில், விலை ஏற ஏற ஒலியும் உயரும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது.

1985-ல் பாப் கார்வர் என்ற இன்ஜினியர் அதே பத்திரிகைக்கு சவால் விட்டார். "நீங்கள் எந்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டினாலும் என்னுடைய மலிவான ஆம்ப்ளிஃபயரை அதே மாதிரி ஒலிக்க வைக்கிறேன்" என்றார். அவர்களும் பல மடங்கு விலையுள்ள ஒரு வால்வ் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார்கள். கார்வர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மீதியை மட்டும் ஸ்பீக்கரில் கேட்டார். மீதி கேட்காமல் போகும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் மீதி சுமார் 70 டெசிபல் கீழே இறங்கியது. அதாவது, மூவாயிரத்தில் ஒரு பங்கு. நம்ம பாஷையில் சொன்னால், டேலி ஆகிவிட்டது! வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பத்திரிகைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாமே ஒன்றுதானா? அதுவும் இல்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் 1994-ல் ஸ்பீக்கர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். நாற்பது பேர் முதலில் திரை மறைவில் வைத்த ஸ்பீக்கர்களைக் கேட்டார்கள். பிறகு கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். திரை இருந்தபோது பெரிய ஸ்பீக்கர்களோடு சரிக்குச் சரி நின்ற ஒரு சின்ன, மலிவான செட், திரையை விலக்கியதும் மதிப்பெண்ணில் சரிந்தது. கேட்டவர்கள் பாமரர்கள் அல்ல, ஆடியோ கம்பெனி ஊழியர்கள்! யாரும் பொய் சொல்லவில்லை. கண் பார்த்ததைக் காது கேட்டது, அவ்வளவுதான். இன்னொன்றும் தெரிந்தது: ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் நிஜம், அது அறையில் வைக்கும் இடத்தைப் பொறுத்து மாறவும் செய்கிறது.

ஒயர் விஷயம் இன்னும் சுலபம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர சேர்த்து ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒரு சதவீதம்கூட இல்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி, ஜோடி 7,250 டாலர் விற்ற ஒரு கேபிளை வித்தியாசம் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். கேபிள் கம்பெனி பின்வாங்கியது. சோதனை நடக்கவே இல்லை.

உச்சகட்டம் 2022-ல். டிஜிட்டல் பட்டாலே இசை செத்துவிடும் என்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய கம்பெனி மொபைல் ஃபிடிலிட்டி. 'த்ரில்லர்' ரெக்கார்டை 40,000 பிரதி போடப்போவதாக அது அறிவித்ததும், ஒரிஜினல் டேப் அத்தனை தடவை ஓடினால் தாங்குமா என்று சந்தேகம் கிளம்பியது. கடைசியில் கம்பெனியே ஒப்புக்கொண்டது: 2011 முதலே அவர்கள் ரெக்கார்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. பதினோரு வருடம் ஒரு காதுக்கும் அது தெரியவில்லை. விஷயம் கோர்ட் வரை போனது.

பேங்க்கில் என்ட்ரி போடுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் வேறொருவர். யாரும் திருடர் என்பதால் அல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால். பெயரை மறைத்துக் கேட்பதும் அதே ஏற்பாடுதான். ஹோல்ட்கூட 2007-ல், இந்த நேர்மைச் சோதனைக்கு உட்பட மறுத்ததால்தான் தன் துறையே கெட்டது என்று வருத்தப்பட்டார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டின் சத்தத்தையும் சரிசமமாக வையுங்கள். கொஞ்சம் கூட வைத்தாலே அதுதான் நல்லது என்று தோன்றும். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லுங்கள். அவர் முகமும் உங்களுக்குத் தெரியக்கூடாது. பதினாறு தடவையில் பன்னிரண்டு சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். குருட்டாம்போக்கில் அத்தனை வருவது நூற்றில் நாலு தடவைதான். எட்டு, ஒன்பது என்றால், அந்த ஐம்பதாயிரத்தை நல்ல ஸ்பீக்கரிலும் ஜன்னலுக்குக் கனமான திரையிலும் போடுங்கள். மிச்சம் இருந்தால் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்து, கச்சேரியை நேரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள் :-)