மதுரை வீதிகளும் பெயர் வரலாறும்

ஒரு நகரின் வரலாற்றை உரைப்பன கல்வெட்டும் செப்பேடும் மட்டும் அல்ல. நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கும் தெருப்பெயர்களும் அதனை உரைக்கும். அரசு மாறும், மதில் சரியும், பெயரோ எளிதில் அழியாது. இவ்வுண்மைக்கு மதுரை மாநகர் தக்க சான்றாகும்.

மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலை நடுவாகக் கொண்டு, சதுரத்தைச் சதுரம் சூழ்ந்தாற்போல மதுரையின் வீதிகள் அமைந்துள்ளன. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அதன் புறத்தே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்பன முறையே அமையும். விழா நிகழும் திங்களே பெரும்பாலும் வீதிக்குப் பெயராயிற்று. ஆயினும், சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியிலேயாம். மாசித் திங்களில் நிகழ்ந்துவந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். விழா திங்கள் மாறியது. வீதியோ பழம்பெயரை விடவில்லை.

தொழிலுக்கொரு தெரு என்பது மதுரையின் தொன்மரபு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை பொற்கடை வீதியையும் அறுவை வீதியையும் கூல வீதியையும் தனித்தனியே காட்டுகிறது. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் இரவங்காடியையும் விரித்துரைக்கிறது. இக்காலத்தும் தெற்கு ஆவணி மூல வீதி பொன் வணிகத்துக்கும் கீழமாசி வீதி பலசரக்கு வணிகத்துக்கும் பேர்பெற்றவை. நாயக்கர் மகாலை அடுத்துச் சௌராட்டிர நெசவாளர் குடியிருப்புகள் உள்ளன. காஜிமார் தெருவில் பழைமையான பள்ளிவாசல் விளங்குகிறது. பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே நகரில் தத்தமக்குரிய தெருக்களோடு வாழ்ந்தமைக்கு இவை சாட்சி.

நகரைச் சூழ்ந்து நின்ற நாயக்கர் காலக் கோட்டை, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1837ஆம் ஆண்டளவில் இடிக்கப்படலாயிற்று. அகழியும் தூர்க்கப்பட்டது. அங்ஙனம் கிடைத்த நிலத்தில் வெளி வீதிகளும், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி முதலியனவும் எழுந்தன. பாண்டியர் பெயரும் நாயக்கர் பெயரும் வழங்கிய நகரில் ஒரு மேஸ்திரியின் பெயரும் நிலைபெற்றது எண்ணத்தக்கது. வாயில்கள் மறைந்தபோதிலும் கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் மறையவில்லை. கோட்டையின் எல்லையை அறிய விரும்புவோர் நிலத்தை அகழவேண்டியதில்லை. அப்பெயர்களைப் பின்பற்றி நடந்தாலே போதும்.

பிற்கால வரலாறும் இவ்வீதிகளையே தேடி வந்தது. 1921 செப்டெம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் நீண்ட உடையைத் துறந்து அரையாடை பூண்டது, மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டிலேயாம்.

மதுரைக் கோட்டை இடிக்கப்படலான 1830களிலேயே இலங்கை மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பரவலாயிற்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தும் காட்டு வழியே நடந்தும் வந்த தொழிலாளர், இறம்பொடை முதலிய மலைச்சாரல்களில் குடியேறினர். தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர்கள் ஏட்டில் ஏறின. தொழிலாளர் தாமே இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்களோ பெரும்பாலும் வாய்மொழியிலேயே நின்றன. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் பல குடும்பங்கள் இந்தியா சென்றன; அப்பெயர்களை அறிந்த முதியோர் பலரும் அவர்களோடு சென்றனர்.

மதுரைக்கு வாய்த்த நற்பேறு, அதன் பெயர்களை வழங்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கேயே வாழ்ந்தமை. அத்தொடர்ச்சி அறுந்த இடத்தில் பெயரைக் காக்கும் கடமை ஏட்டுக்கு உரியதாகிறது. தத்தம் தோட்டத்தின் மலை, லயம், ஓடை, கோயில் ஆகியவற்றுக்கு முன்னோர் இட்ட பெயர்களை முதியோரிடம் கேட்டு மாணவர்கள் எழுதிவைப்பாராயின், அதுவே மலைநாட்டு வரலாற்றின் முதல் ஏடாக அமையும்.