ஏரியை வெட்டும் செலவும் காக்கும் செலவும்

காஞ்சிபுரத்திலிருந்து கீழ்ரோடு வழியாக உத்திரமேரூர் செல்லும் சாலையில், சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் மாகறல் என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய சிவன் கோயில் அமைந்த இவ்வூர் செய்யாற்றின் கரையில் இருக்கிறது. கோடையில் அந்த ஆற்றைப் பார்த்தால், 'இதிலா வெள்ளம் வரும்?' என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் பெருக்கெடுத்ததைப் பலரும் மறந்திருக்க முடியாது.

சில வாரங்களில் பெய்து தீரும் மழையை அடக்க இப்பகுதி மக்கள் கண்ட வழி ஏரி. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்றே அழைப்பர். ஏரி பாசனத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று. வரத்துக் கால்வாய் வழியே வரும் வெள்ளத்தை அது தேக்குகிறது. நிறைந்தபின் மிகுதி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது. இவ்வாறு சங்கிலி போல் அமைந்த ஏரிகள் வெள்ளத்தின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. ஆனால், மேலே உள்ள ஏரி ஒன்று உடைந்தால் அதன் நீர் முழுவதும் ஒரே சமயத்தில் கீழே உள்ள ஏரியைத் தாக்கும். ஓர் ஊரின் அசட்டை பல ஊர்களின் ஆபத்தாகிவிடுகிறது.

ஓர் எளிய கணக்கு

ஏரியை வெட்டுவது ஒருமுறை செலவு. காப்பதோ ஆண்டுதோறும் செலவு. இது எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிவதாகக் கொள்வோம். அதன் கன அளவு 10,000 கன மீட்டர். ஒரு மாட்டு வண்டி அரை கன மீட்டர் மண் ஏற்றும் என்றால், ஆண்டுக்கு 20,000 வண்டி மண்ணை அள்ள வேண்டும். முப்பது ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டால் அது ஆறு லட்சம் வண்டியாகிவிடும்!

வண்டல் சேர்ந்த ஏரி விரைவில் நிறைகிறது. கலங்கலும் தூர்ந்திருந்தால் நீர்மட்டம் கரையை நோக்கி உயர்கிறது. நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்பக் கூடும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கரையின் மேல் விழும் மொத்த விசையோ ஆழத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடும். நீர் மூன்று மீட்டர் ஆழம் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளக் கரையையும் சுமார் நாலரை டன் விசை தள்ளுகிறது. ஆழம் நான்கு மீட்டரானால் அது எட்டு டன் ஆகிறது. அந்த நேரத்தில் கரையில் ஒரு நண்டு வளையோ எலி வளையோ இருந்தால் போதும். அதன் வழியே கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போய்க் கரையையே உடைத்துவிடும்.

உத்திரமேரூர் காட்டிய வழி

இந்த உண்மையை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். மாகறலுக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்னும் பேரேரி இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரின் வாரியங்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அதன் உறுப்பினர் அறுவர். பதவிக் காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர முடியாது.

பணத்துக்கும் வழி செய்திருந்தனர். 'ஏரிப்பட்டி' என்ற நிலத்தின் வருவாய் ஏரிக்கே உரியது. கொடையாளர் அளித்த பொன்னையும் நெல்லையும் முதலாக வைத்து, 'பொலிசை' எனப்படும் வட்டியைக் கொண்டு வண்டல் அள்ளும் ஏற்பாடுகளும் இருந்தன. முதல் குறையாது, பணியும் நிற்காது. ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வருவாய் என்பதே இதன் தத்துவம்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. அச்சபையில் இடம் பெற நிலமும் கல்வியும் வேண்டும். மண் சுமந்தவர்களுக்கு அங்கே குரல் இல்லை. 'வெட்டி' என்னும் கூலியில்லா உழைப்பையும் அக்காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

மதுராந்தகத்தில் நடந்தது

பிற்காலத்திலும் அறுவடையில் ஏரிக்கென்று ஒரு பங்கு, அதாவது மேரை, ஒதுக்கப்பட்டது. ஆனால் 1780இல் ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் மூண்ட போரில் காஞ்சிபுரம் வட்டாரம் பாழாயிற்று. குடிகள் ஊரைவிட்டு ஓடினால் கரைக்கு மண் போடுவது யார்?

1794 முதல் 1798 வரை இங்குக் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரி மீண்டும் மீண்டும் உடைந்ததும், ஒரு மழை இரவில் வில்லேந்திய இரு இளைஞர் கரையைக் காப்பதை அவர் கண்டதாகக் கூறும் கதையும் நீங்கள் கேட்டதுதான். அவ்வூர்க் கோயிலுக்கு 'ஏரி காத்த ராமர்' என்றே பெயர். நம்பிக்கை ஒருபுறமிருக்க, அக்கதையில் ஒரு செய்தி உண்டு. பெருமழை இரவில் கரையில் ஆள் நிற்க வேண்டும் என்பதை ஊர் அறிந்திருந்தது.

பின்னர் நிலவரி முறை மாறியபோது ஏரிக்குரிய மானியங்களும் மேரையும் படிப்படியாகக் குறைந்தன. 1858இல் சென்னை மாகாணத்துக்கென, வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. உழைப்பைச் சட்டத்தால் கேட்டார்கள். ஏரியின் வருவாய் திரும்பவில்லை.

2017 மார்ச்சில் இதே வட்டாரத்தைச் சேர்ந்த மணிமங்கலத்தில், 100 கோடி ரூபாயில் குடிமராமத்துத் திட்டம் புதிதாகத் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிதான். எனினும், திட்டம் சில ஆண்டுகளில் முடியும், வண்டல் முடிவதில்லை. நெதர்லாந்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிய நீர் வாரியங்கள் இன்றும் தனி வரி வசூலித்துக் கரைகளைக் காக்கின்றன. நம் ஏரிப்பட்டியும் அந்த வகையைச் சேர்ந்ததே.

அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கலங்கல் திறந்திருக்கிறதா? கடைசியாக எப்போது தூர் வாரினார்கள்? அடுத்த ஆண்டுச் செலவுக்கு எங்கிருந்து பணம் வரும்? முதல் இரண்டுக்கும் கரையிலேயே விடை கிடைத்துவிடும். மூன்றாவதைக் கிராம சபையில்தான் கேட்க வேண்டும்.