சிம்பிலிசியானுக்கு எழுதிய விடை

கிருபையைக் குறித்த அகஸ்தீனின் போதனை பெலாகியுவோடு நேர்ந்த வாதத்தில் உருவாயிற்று என்றே திருச்சபைச் சரித்திரம் கற்கும் நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். ஆண்டுகளைக் கவனித்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. ரோமாபுரி 410-இல் கொள்ளையிடப்பட்ட பின்னரே பெலாகியு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தார். அப்போதனையோ 397-ஐ ஒட்டி, ஒரு கடிதத்திற்கு விடையாகப் பிறந்துவிட்டது.

கேள்வி அனுப்பியவர் மிலான் நகரத்துச் சிம்பிலிசியான். அகஸ்தீன் தம் மனந்திரும்புதலுக்கு முன் ஆலோசனை தேடிச் சென்ற முதியவர். யாக்கோபும் ஏசாவும் கருவிலிருக்கையிலேயே ஒருவன் தெரிந்துகொள்ளப்பட்டது எங்ஙனம் நீதியாகும்? ரோமர் 9-இல் எழும் இச்சிக்கலே அவர் கேட்டவற்றுள் முக்கியமானது.

அகஸ்தீனிடம் ஆயத்தமான விடை இருந்தது. மூப்பராயிருந்த காலத்தில், 394-ஐ ஒட்டி, இந்நிருபத்தை விளக்கியபோது, தேவன் முன்னறிந்தது யாக்கோபின் கிரியைகளையன்று, அவன் விசுவாசத்தையே என எழுதியிருந்தார். அழைப்பு தேவனுடையது, விசுவாசம் நம்முடையது என்பது அதன் சாரம். நம் பிரசங்கங்களில் பல இன்றும் இவ்விடத்திலேயே நிற்கின்றன என்றால் குற்றமாகாது.

எழுதத் தொடங்கியதும் அவ்விடை அவர் கையிலேயே உடைந்தது. பிறவாத பிள்ளையிடம் கிரியை இல்லை என்பது பவுலின் வாதம். அப்பிள்ளையிடம் விசுவாசமும் இல்லையே! முன்னறிந்த விசுவாசம் காரணமாகுமாயின் முன்னறிந்த கிரியையும் காரணமாகலாம். அப்பொழுது அப்போஸ்தலன் சொன்னதற்குப் பொருளே இராது. மனிதனிடமுள்ள யாவும் பெற்றுக்கொண்டவையே என உணர்த்தும் 1 கொரிந்தியர் 4:7 அவரை முற்றிலும் மடக்கிற்று. விசுவாசமும் ஈவே என்று ஒப்புக்கொண்டார். முதிர்வயதில், 427-ஐ ஒட்டித் தம் நூல்களை மறுபார்வையிட்டபோது, அவ்விடையில் தாம் மனித சித்தத்தின் சுயாதீனத்துக்காகப் போராடியதாகவும், தேவகிருபையே வென்றதாகவும் குறித்துவைத்தார்.

நாம் தயங்கும் பகுதியும் அவ்விடையில் உண்டு. மனுக்குலம் முழுவதையும் ஒரே பாவத்திரள் என்கிறார். அதிலிருந்து சிலர் மீட்கப்பட, மற்றவர் விடப்படுகின்றனர். கேள்வி 9:29-உடன் முடிந்தமையால் விடையும் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் அடங்கிற்று. பவுலோ 11:32-இல் எல்லார்மேலும் பொழியும் இரக்கம்வரை செல்கிறார்.

ஏறத்தாழ 428-இல், விசுவாசத்தின் தொடக்கம் மனிதனுடையதே எனக் கல்லியா நாட்டார் சிலர் வாதிட்டனர். அகஸ்தீன் அவர்களைப் பெலாகியுவின் கூட்டத்தாரோடு சேர்க்கவில்லை. தாமும் ஒருகாலத்தில் அவ்வாறே தவறியதாக எழுதினார். தம் பழைய நூலைக் கற்றவர்கள், சிம்பிலிசியானுக்கு எழுதியதையும் வாசித்துத் தம்மோடுகூட முன்னேறவில்லையே என்பதே அவர் வருத்தம்.